நகரம் சாதியைக் கரைத்துவிடுமா? ஓவன் லிஞ்ச்சும் ஆக்ராவின் ஜாதவ்களும்

சமூகவியல் படித்த தோழர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சாதி என்ற பாடம் வந்துவிட்டால் வகுப்பறை உடனே கிராமத்துக்குப் போய்விடும். ஊர், சேரி, ஆதிக்கச் சாதி, ஜஜ்மானி முறை, எம்.என். சீனிவாஸ், சமஸ்கிருதமயமாக்கம். பத்து மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதும். நகரம் என்ற பாடத்தைத் திறந்தால் தொழில்மயமாதல், இடப்பெயர்ச்சி, குடிசைப் பகுதி, குற்றம் எல்லாம் வரும், சாதி மட்டும் வராது. பேருந்து ஏறும்போது சாதியைக் கிராமத்திலேயே இறக்கிவிட்டுத்தான் மக்கள் நகரத்துக்கு வந்தார்கள் என்பது போலப் பாடத்திட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியில் நின்று வேலை செய்த ஓர் ஆய்வாளரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் ஓவன் லிஞ்ச். அமெரிக்கர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நகர்ப்புற மானுடவியல் பேராசிரியராக இருந்தவர், 2013இல் மறைந்தார். நம் வாசிப்பு வட்டங்களில் இவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் இந்திய நகரம் ஒன்றில் தலித் மக்கள் எப்படி அரசியல் சக்தியாகத் திரண்டார்கள் என்பதை முழு நூலாக முதலில் எழுதியவர்களில் அவர் ஒருவர். அந்த நூல் 1969இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பெயர் ‘தி பாலிடிக்ஸ் ஆஃப் அன்டச்சபிலிட்டி’. தமிழில் ‘தீண்டாமையின் அரசியல்’ என்று சொல்லலாம்.

கொலம்பியா என்றதும் நமக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். 1916 மே மாதம், அதே பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்ற மானுடவியலாளரின் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் குறித்த தன் கட்டுரையை வாசித்தார். சாதியை மானுடவியல் மொழியில் விளக்கிய முதல் தலித் குரல் அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவரான லிஞ்ச் ஆக்ராவுக்குப் போனார். அங்கே அவர் சந்தித்த மக்கள் அம்பேத்கரைத் தங்கள் தலைவராக வரித்துக்கொண்டவர்கள். கொலம்பியாவில் அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளை அவர்கள் தெருவில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆக்ரா என்றால் தாஜ்மகால் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதே ஆக்ரா இந்தியாவின் பெரிய காலணி உற்பத்தி நகரங்களில் ஒன்று. அந்தக் காலணிகளைச் செய்த கைகளில் பெரும்பகுதி ஜாதவ் மக்களுடையவை. வட இந்தியாவில் ‘சமார்’ என்று அழைக்கப்பட்டு, அந்தப் பெயரே வசைச்சொல்லாக ஆக்கப்பட்ட மக்களில் ஒரு பிரிவினர் இவர்கள். நகரத்தின் மொகல்லாக்களில், அதாவது அடுத்தடுத்து அமைந்த குடியிருப்புப் பேட்டைகளில், வீடே பட்டறையாக வாழ்ந்தவர்கள். தோல் இவர்களுக்குத் தீட்டு என்ற பட்டத்தையும் தந்தது, கூலியையும் தந்தது. உள்ளூர் நிலவுடைமையாளரின் வாசலில் நிற்கத் தேவையில்லாத ஒரு பொருளாதாரத்தை அந்தக் கூலி உருவாக்கியது. இவர்களில் சிலர் சொந்தமாகப் பட்டறை வைத்தார்கள், சிலர் ஓரளவு வசதியும் பெற்றார்கள். ஆனால் சந்தை இவர்கள் கைக்கு வரவில்லை. மொத்த வியாபாரம் முன்பு பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களிடம் இருந்தது. பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த வணிகர்களிடம் போனது. செய்பவர் ஒருவர், விலை வைப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே நீடித்தது.

பணம் கொஞ்சம் வந்தது, மதிப்பு வரவில்லை. இந்த முரண்பாட்டிலிருந்துதான் லிஞ்ச் தன் கதையைத் தொடங்குகிறார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ராவின் ஜாதவ்கள் எடுத்த முதல் வழி, தாங்கள் சத்திரியர்கள் என்று நிறுவுவது. கிருஷ்ணன் பிறந்ததாகச் சொல்லப்படும் யது குலத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று வம்ச வரலாறு எழுதினார்கள். இறைச்சியை விடச் சொன்னார்கள், சடங்குகளை மாற்றச் சொன்னார்கள். ஆரிய சமாஜத்தின் பள்ளிகளும் பிரச்சாரமும் இதற்குப் பின்னணியாக இருந்தன. 1917இல் ஜாதவ் மகாசபை உருவானது. பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் சமஸ்கிருதமயமாக்கம். கீழே உள்ள சாதி மேலே உள்ள சாதியின் பழக்கங்களைக் கைக்கொண்டு, ஓரிரு தலைமுறையில் ஏணியில் ஒரு படி ஏறிவிடும் என்பது அந்தக் கோட்பாடு.

ஏணியின் ஒவ்வொரு படியிலும் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதைக் கோட்பாடு அழுத்திச் சொல்வதில்லை. ஜாதவ்கள் என்ன உண்டாலும், எந்த வம்சம் சொன்னாலும், அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தீண்டாமைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த ஏணி எட்டவே இல்லை.

இதற்குள் நாட்டின் அரசியல் மாறியது. பிரதிநிதித்துவம், தேர்தல், தனித்தொகுதி, ஒதுக்கீடு என்ற புதிய களம் திறந்தது. 1930இல் இளைஞர்கள் தனி அமைப்பு கண்டார்கள். சத்திரியர் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பட்டியல் சாதிகளுக்கான உரிமைகள் கைநழுவும் என்று புரிந்தது. ஜாதவ் என்ற பெயரே தனியாகப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று கோரினார்கள். 1940களில் அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்புடன் இணைந்தார்கள். 1956இல் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றபின் ஆக்ராவிலும் பலர் பௌத்தர்களானார்கள். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானபோது உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி அதன் வலுவான களமானது. 1962 மக்களவைத் தேர்தலில் அலிகரில் பி.பி. மௌரியா வென்றார். சத்திரியர் ஆக வேண்டும் என்று தொடங்கிய ஒரு சமூகம், இரண்டே தலைமுறைக்குள், சத்திரியர் யார் என்று கேட்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த மாற்றத்தை லிஞ்ச் எப்படி விளக்கினார் என்பதுதான் முக்கியம். மேலே உள்ளவர்களைப் போல நடிப்பதை விட்டுவிட்டு, குடிமக்கள் என்ற தகுதியில் அதிகாரத்தில் பங்கு கேட்கும் வழியை ஜாதவ்கள் தேர்ந்தெடுத்தார்கள். சமஸ்கிருதமயமாக்கம் செய்ய முயன்ற வேலையை அரசியல் பங்கேற்பு செய்தது என்பது அவர் வாதம். சாதி ஒருவருக்கு ஓர் இடத்தைத் தருகிறது, அரசியல் சட்டம் அதே மனிதருக்கு வேறோர் இடத்தைத் தருகிறது. எந்த இடத்திலிருந்து பேசுவது என்பதை மக்கள் யோசித்துத் தேர்வு செய்கிறார்கள். யாரைப் பார்த்துத் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்பதும் மாறுகிறது. முன்பு அளவுகோல் சத்திரியன், பின்பு அளவுகோல் அம்பேத்கர்.

இன்று நமக்கு இது தெரிந்த விஷயமாகத் தோன்றலாம். 1969இல் அப்படி இல்லை. லூயி துய்மோனின் புகழ்பெற்ற நூல் பிரெஞ்சில் 1966இல் வெளியாகியிருந்தது. தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலையில் இந்தியச் சமூகம் முழுவதும் அடங்கிவிடும் என்ற பார்வை செல்வாக்குப் பெற்றுவந்த நேரம். தீண்டத்தகாதவர்களும் அந்த மதிப்பீடுகளை ஏற்றுக்கொண்டே வாழ்கிறார்கள் என்று பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆக்ராவின் செருப்புப் பட்டறையில் உட்கார்ந்து கேட்டவருக்கு வேறு பதில் கிடைத்தது. கன்ஷிராம் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கியது 1984இல். மாயாவதி முதன்முறை முதலமைச்சரானது 1995இல். அவரும் ஜாதவ் சமூகத்தவர். வானத்திலிருந்து குதித்தது போல அந்த வெற்றியைப் பார்த்து வியந்தவர்கள், 1969இன் நூலைப் படித்திருந்தால் வேர் எங்கே இருந்தது என்று அறிந்திருப்பார்கள்.

லிஞ்ச் ஒரு நூலோடு ஆக்ராவை விட்டுவிடவில்லை. முனைவர் பட்டம் கிடைத்ததும் மக்களை மறந்துவிடும் ஆய்வாளர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் பல பத்தாண்டுகள் அந்த நகரத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். அம்பேத்கர் மக்கள் மனதில் எப்படித் தொன்மமாகவும் பேராளுமையாகவும் வாழ்கிறார் என்பதைப் பற்றி 1972இல் வெளியான ஒரு தொகுப்பில் எழுதினார். ஆக்ராவின் அம்பேத்கர் ஜெயந்தியைப் பற்றியும் தனியே எழுதினார். படித்தவர்கள் பலர் இன்றும் ஏப்ரல் 14 ஊர்வலங்களைப் பார்த்து, சிலை வைப்பதிலும் மாலை போடுவதிலும் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு தெருவில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்ட மக்கள், அதே தெருவில் தங்கள் தலைவரின் படத்தோடு நடக்கும்போது அந்தத் தெரு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. அந்த நடை சடங்காகவும் இருக்கிறது, அரசியலாகவும் இருக்கிறது.

1978 ஏப்ரலில் ஆக்ரா அதை ரத்தத்தோடு கற்றது. அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் கல்லெறிந்து தாக்கப்பட்டது. தொடர்ந்த போராட்டங்களின்போது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. வழக்கம்போலக் ‘கலவரம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் மூடப்பட்டது. 1981இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் லிஞ்ச் இதைப் பற்றி எழுதினார். கலவரத்தை அறிவார்ந்த செயலாகப் பார்ப்பது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் வெறிபிடித்து ஓடியது என்ற கதையை அவர் ஏற்கவில்லை. மற்ற வாசல்கள் அடைக்கப்பட்ட மக்கள் கணக்குப் பார்த்துத்தான் தெருவுக்கு வருகிறார்கள் என்று காட்டினார். தலித்துகள் திருப்பி நிற்கும் ஒவ்வொரு முறையும் அதை ‘வன்முறை’ என்றும், தலித்துகள் அடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை ‘இரு தரப்பு மோதல்’ என்றும் எழுதும் ஊடகங்களுக்கு நடுவில் வாழும் நமக்கு இந்தப் பார்வை எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய பணியில் நம் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1974இல் அதே இதழில், பம்பாய்க் குடிசைப் பகுதி ஒன்றில் வாழ்ந்த ஆதிதிராவிடர்களின் அரசியல் அணிதிரட்டலைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் போய், தோல் பதனிடும் தொழிலிலும் பிற வேலைகளிலும் உழைத்துக் குடியேறிய மக்களின் வரலாறு நமக்குத் தெரியும். நம்மில் பலருக்கு அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள். பம்பாயில் அவர்களுக்கு இரண்டு சுமை. மராத்தியர்களுக்கு முன்னால் ‘மதராசி’, தமிழர்களுக்கு முன்னால் ‘பறையன்’. மொழி ஒரு பக்கம் சேர்த்தது, சாதி மறுபக்கம் பிரித்தது. வேலை தேடிப் போன நகரத்தில் எந்த அடையாளத்தோடு அணிதிரள்வது என்ற கேள்வி ஆக்ராவைப் போலவே அங்கும் இருந்தது. தாராவியைப் பற்றி இன்று பேசுபவர்கள் சதுர அடி விலையைப் பேசுகிறார்கள், மறுசீரமைப்புத் திட்டத்தைப் பேசுகிறார்கள், திரைப்படம் எடுக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மானுடவியலாளர் அங்கே அரசியல் மனிதர்களைப் பார்த்தார்.

இங்கே களப்பணி செய்பவளாக ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் குடியிருப்புக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் கணக்கெடுப்புப் படிவத்தோடு வருகிறார்கள். வருமானம் எவ்வளவு, கழிப்பறை உண்டா, குடிக்கிறாரா, அடிக்கிறாரா, பிள்ளை படிப்பை ஏன் நிறுத்தியது. எல்லாக் கேள்வியும் குறையைத் தேடும் கேள்வி. இந்தத் தெருவில் எந்தச் சங்கம் இருந்தது, இந்தப் படிப்பகத்தை யார் கட்டினார்கள், பட்டாவுக்காக எத்தனை முறை மனு கொடுத்தீர்கள், கடந்த தேர்தலில் யாரோடு என்ன பேரம் பேசினீர்கள் என்று ஒரு படிவமும் கேட்பதில்லை. சேரியைப் ‘பிரச்சினை’யாகப் பார்க்கும் படிவத்திலிருந்து ‘பிரச்சினை’ மட்டுமே வெளியே வரும். ஜாதவ்களிடம் லிஞ்ச் கேட்ட கேள்வி வேறு: நீங்கள் யாராக விரும்பினீர்கள், அதற்கு என்ன செய்தீர்கள், எது நடக்கவில்லை, பிறகு எந்த வழியை எடுத்தீர்கள்? கேள்வி மாறியதால்தான் நூலும் மாறியது.

லிஞ்ச்சிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அவர் மதுராவின் சௌபே பார்ப்பனர்களையும் ஆய்வு செய்தார் என்பது. யாத்ரீகர்களை வழிநடத்தும் புரோகிதர்கள் அவர்கள். அவர்களின் உணவு, மல்யுத்தம், பாங்கு, கவலையற்ற ‘மஸ்த்’ மனநிலை இவற்றையெல்லாம் உணர்ச்சிகளின் மானுடவியல் என்ற கோணத்தில் எழுதினார். 1990இல் அவர் தொகுத்த ‘டிவைன் பேஷன்ஸ்’ நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. செருப்புத் தைப்பவரை எப்படி ஆய்வுப் பொருளாகப் பார்க்கலாமோ, அப்படியே புரோகிதரையும் பார்க்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் இது எத்தனை முறை நடக்கிறது? சாதி ஆய்வு என்றால் சேரிக்கு வா என்பதுதான் இங்கே நடைமுறை. அக்கிரகாரத்துக்கோ, நகரத்தின் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்கோ, சாதி பார்த்து வாடகைக்கு விடும் வீட்டுக்காரரிடமோ படிவத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? சாதியால் இழந்தவர்களை மட்டும் ஆய்வு செய்துகொண்டிருந்தால் சாதியால் பெற்றவர்கள் கண்ணுக்கே தெரியாமல் போவார்கள்.

இவ்வளவு சொல்வதால் லிஞ்ச்சை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருளில்லை. அவரோடு சண்டை போடவும் வேண்டும்.

முதலாவது, 1969 நூலின் அரசியல் பெரும்பாலும் ஆண்களின் அரசியல். மகாசபை, கட்சி, பஞ்சாயத்து, பட்டறை முதலாளி என்று ஆண்கள் நடமாடும் இடங்களே நிறைந்திருக்கின்றன. அந்த வீட்டுப் பட்டறைகளில் பெண்களின் உழைப்பு என்ன ஆனது? பின்னாளில், 2000இல், ‘சுஜாதாவின் சேனை’ என்ற பொருள்படும் தலைப்பில் தலித் பௌத்தப் பெண்களின் சுயவிடுதலையைப் பற்றி அவர் எழுதினார். புத்தருக்குப் பாற்சோறு தந்த சுஜாதாவின் பெயர் அது. மதிக்க வேண்டிய முயற்சி. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, ஆக்ராவின் படத்தை நாட்டுக்கே பொருத்திவிடும் ஆபத்து இருக்கிறது. ‘சமார் என்றால் தோல்’ என்பது காலனிய அதிகாரிகள் கட்டி எழுப்பிய படம், உத்தரப் பிரதேசத்தில் அந்த மக்களில் பெரும்பாலோர் உழவர்கள் என்று வரலாற்றாய்வாளர் ராம்நாராயண் ராவத் தன் 2011 நூலில் ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார். ஆக்ராவுக்கு உண்மையானது எல்லா ஊருக்கும் உண்மையாகாது.

மூன்றாவது, லிஞ்ச்சின் விளக்கத்தில் தகுதி, பங்கு, அளவுகோல் குழு போன்ற கருத்துகள் முன்னால் நிற்கின்றன. அவமானமும் சுயமரியாதையும் அந்தச் சொற்களுக்குள் சரியாக உட்காருவதில்லை. ஒருவர் பௌத்தராவதை ‘உத்தி’ என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். இங்கே 1898இல் அயோத்திதாசர் பௌத்தம் ஏற்றபோது வாக்குரிமை அரசியல் நம் மக்களுக்குத் திறந்திருக்கவே இல்லை. விடுதலை வேட்கைக்குத் தேர்தல் கணக்குக்கு அப்பாலும் ஒரு வரலாறு உண்டு.

நான்காவது கேள்வி லிஞ்ச் மீதானது அல்ல, கல்வித்துறை மீதானது. ஆக்ராவின் ஜாதவ்கள் பேசினார்கள், நியூயார்க்கில் நூல் எழுதப்பட்டது. அனுபவம் நம்முடையது, கோட்பாடு வேறொருவருடையது. கோபால் குரு 2002இல் இந்தியச் சமூக அறிவியலைப் பார்த்து இதைத்தான் கேட்டார். கோட்பாட்டுப் பார்ப்பனர்கள் ஒரு பக்கம், தரவு திரட்டும் சூத்திரர்கள் மறுபக்கம் என்ற பிரிவினை பற்றி அவர் எழுதியது பல பேராசிரியர்களுக்குக் கசந்தது. லிஞ்ச் நேர்மையான விருந்தாளி. ஆனால் எத்தனை காலம் நம் வீட்டு வரலாற்றை விருந்தாளிகள் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

1956 மார்ச்சில் அதே ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்த தலித்துகள் மீது தனக்கிருந்த ஏமாற்றத்தை வெளிப்படுத்தினார். படித்து வேலைக்குப் போனவர்கள் சமூகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற வேதனை அது. அந்த வேதனையைக் கண்ணீரோடு பகிர்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குப் பதில் சொல்லும் வழிகளில் ஒன்று எழுத்து என்று நான் நினைக்கிறேன். முதுகலை, ஆய்வுப் பட்டம் என்று படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, ஆய்வுத் தலைப்புக்காக இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வார்டில் தொடங்குங்கள். அந்தக் குடியிருப்பு எப்போது, எதனால் உருவானது? எந்தத் தொழில் அதற்குச் சோறு போட்டது, அந்தத் தொழிலில் விலை வைப்பவர் யார்? எந்தப் பெயரால் அழைக்கப்பட்டார்கள், எந்தப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்? முதல் சங்கத்தின் பதிவேடு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது? மன்றத்தில் பேசிய ஆண்களைக் கேட்ட பிறகு, அந்தக் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்ட பெண்களிடமும் போய்க் கேளுங்கள், அவர்களிடம் வேறு வரலாறு இருக்கும்.

அந்தப் பதிவேடுகள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுதிய பெரியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். நகரம் சாதியைக் கரைத்துவிட்டதா இல்லையா என்பதற்கான சாட்சியம் அவர்களிடம் இருக்கிறது.